உட்கருவைத் துறந்த செல்

செல் படம் வரையாத மாணவர் யாரும் இருக்க முடியாது. நடுவில் உட்கரு, சுற்றிலும் மைட்டோகாண்ட்ரியா என்று பாகம் குறித்தால் முழு மதிப்பெண். ஆனால் நம் உடலில் எண்ணிக்கையில் மிக அதிகமான செல் அந்தப் படத்துக்குப் பொருந்தாது. முதிர்ந்த ரத்தச் சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. பெரியவர்களுக்கு முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, இடுப்பெலும்பு ஆகியவைதான் முக்கியமான உற்பத்திக்கூடங்கள். தொடக்கத்தில் அதற்கும் உட்கரு உண்டு. முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது. காலியான இடத்தை ஹீமோகுளோபின் நிறைத்துக்கொள்கிறது. ஒரே சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். ஒவ்வோர் இரும்பு அணுவும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும்.

மைட்டோகாண்ட்ரியா இல்லாததற்கும் பயன் உண்டு. மற்ற செல்களில் ஆக்சிஜன் பெரும்பாலும் செலவாகும் இடம் அதுதான். சிவப்பணுவோ ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸைச் சிதைத்துத் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. சுமந்து வரும் சரக்கில் அது கைவைப்பதே இல்லை.

வடிவமும் வேலைக்கு ஏற்றது. மாவு உருண்டையை இருபுறமும் விரலால் அழுத்தினால் வரும் குழிந்த தட்டு போன்றது அது. குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். பரப்பு கூடுவதால் ஆக்சிஜன் விரைவாக உள்ளே வந்து வெளியேறுகிறது. தன்னைவிடக் குறுகலான ரத்தத் தந்துகிகளிலும் மடிந்து, நெளிந்து புகுந்துவிடுகிறது.

120 நாள் வாழ்க்கை

உட்கரு இல்லாத செல்லால் புதிய புரதம் செய்து தன் பழுதைச் சரிசெய்துகொள்ள முடியாது. அதனால் அதன் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்தான். அந்த இழப்பை ஈடுகட்ட, நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உடல் உருவாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அதை முதலில் உணர்ந்து, எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்குவது சிறுநீரகம். மூப்படைந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் சிதைக்கின்றன. அவற்றிலிருந்த இரும்பு வீணாவதில்லை. மறுபடி மஜ்ஜைக்கே திரும்புகிறது. எஞ்சும் நிறமி பிலிருபினாக மாறுகிறது. மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவது அதுவே.

இரும்பு குறைந்தால்

இரும்பு போதவில்லை என்றால் இந்த ஏற்பாடு முழுவதும் தளரும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் மாணவியைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், அவள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பதுதான் நியாயம்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். வயிற்றைப் புரட்டுகிறது என்று அதைப் பைக்குள் ஒளித்துவைக்காதீர்கள்; சாப்பிட்ட பிறகு விழுங்குங்கள். உணவோடு டீ, காபி வேண்டாம். அவை இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும்.

மாணவர்களே, செல்லின் பாகங்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பாகம் ஏன் இருக்கிறது, ஏன் இல்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் அந்த நீல மாத்திரையைத் தூக்கி எறிய மாட்டார்.