ஒரு ரன்னில் போன கோப்பை: டீம் தோற்றால் நமக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?

என் போனில் மலிங்கா கடைசிப் பந்தைப் போட அப்போதுதான் ஓடி வரத் தொடங்கினார். ஆனால் மேட்ச் முடிந்துவிட்டது என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு கேபிள் டிவி, என் ஹாட்ஸ்டாரைவிடச் சில நொடிகள் முந்தி ஓடும். அந்த வீட்டில் அதுவரை இருந்த கூச்சல் சட்டென்று நின்றது. ஜெயித்திருந்தால் விசில் பறந்திருக்கும். சத்தமே இல்லை. அதன் பிறகு என் போனில் ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ ஆனதை, ஏற்கெனவே படித்த செய்தியை மறுபடி படிப்பதுபோலப் பார்த்தேன்.

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. ஊர், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயம். அப்போது திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகவில்லை. நாங்கள் வேலூர் மாவட்டம். நாடே தேர்தல் ஜுரத்தில் இருக்க, வேலூர் தொகுதியில் மட்டும் தேர்தலை ரத்து செய்திருந்தார்கள். ஆக, எங்கள் ஊருக்கு அந்த மே மாதத்தில் இருந்த ஒரே போட்டி ஐ.பி.எல் மட்டும்தான். ரமலான் மாதம் வேறு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ராத்திரியெல்லாம் கடைத்தெரு விழித்திருக்கும். நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் அட்மிஷனுக்காகக் காத்திருந்தேன்.

மும்பை 149. சென்னை 148. ஒரே ஒரு ரன்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த மேட்ச்சின் ஹைலைட்ஸ் யூடியூப்பில் கண்ணில் பட்டால் நான் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். 2020இல் சி.எஸ்.கே ஏழாவது இடத்தில் முடித்தது. 2025இல் பத்தாவது, அதாவது கடைசி. அதெல்லாம் இப்படி வலிக்கவில்லை. ஏன்?

எல்லாம் கைக்கு வந்த பிறகு...

அந்தக் கடைசி ஓவர்களை நினைத்துப் பாருங்கள் (முடிந்தால்). 18 பந்தில் 38 தேவை என்ற நிலையில் க்ருணால் பாண்டியா ஓவரில் ஷேன் வாட்சன் வரிசையாக மூன்று சிக்ஸர். அந்த ஓவரில் மட்டும் 20 ரன். இப்போது 12 பந்தில் 18. பும்ரா பிராவோவைத் தூக்கினார். ஆனால் அவர் ஓவரின் கடைசிப் பந்தை டி காக் கோட்டைவிட, இலவசமாக 4 பைஸ். 6 பந்தில் 9. வாட்சன் இன்னும் களத்தில். பந்து வீச வருவது, முந்தைய ஓவரில் 20 ரன் கொடுத்த மலிங்கா. ஊரில் பட்டாசைத் தேடி எடுத்தே விட்டார்கள்.

1, 1, 2. நான்காவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வாட்சன் ரன் அவுட், 80. ஐந்தாவது பந்தில் தாக்கூர் 2 ரன். கடைசிப் பந்தில் 2 தேவை. ஒன்று எடுத்தால்கூட சூப்பர் ஓவர். மலிங்கா போட்டது ஸ்லோ பால். எதிர்முனையில் ஜடேஜா சும்மா நின்றுகொண்டிருந்தார்.

முழுசாகத் தோற்பதைவிட, கிட்டத்தில் வந்து தோற்பதை மூளை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. லூக் கிளார்க் தலைமையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சூதாட்ட மெஷின் போன்ற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை ஆட வைத்து, மூளையை ஸ்கேன் செய்தார்கள். மயிரிழையில் தவறும்போது ஆடுபவருக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அதே நேரத்தில், ஜெயித்தால் வேலை செய்யும் மூளைப் பகுதிகளும் வேலை செய்கின்றன. இன்னொரு முறை ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடுகிறது. கடுப்பும் ஆசையும் ஒரே நேரத்தில். "இனிமே கிரிக்கெட்டே பாக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்த நம் நண்பர்கள் அடுத்த சீசனின் முதல் மேட்ச்சுக்கே வந்து உட்கார்ந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

'ஜெயிச்சுட்டோம்', 'தோத்துட்டானுங்க'

கவனித்திருக்கிறீர்களா? டீம் ஜெயித்தால் "ஜெயிச்சுட்டோம்டா" என்போம். தோற்றால் "தோத்துட்டானுங்க". நேற்று வரை நாம், இன்றைக்கு அவனுங்க.

இதை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976லேயே பிடித்துவிட்டார். ஏழு பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமைகளில், எத்தனை மாணவர்கள் காலேஜ் பெயர் போட்ட டி-ஷர்ட் அணிந்து வருகிறார்கள் என்று எண்ணச் சொன்னார். ஜெயித்த வாரம் எண்ணிக்கை கூடியது. மாணவர்களுக்கு போன் போட்டு மேட்ச் பற்றிக் கேட்டபோது, ஜெயித்த மேட்ச்சுக்கு 'நாங்கள்' என்ற சொல் அதிகம் வந்தது. தோற்ற மேட்ச்சுக்குக் குறைந்தது. அடுத்தவன் வெற்றியில் நாம் குளிர்காய்வது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால், அது ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்ளும் ரசிகர்களுக்குச் சரி. தலைக்கு மேல் மஞ்சள் கொடியைச் சுற்றியவர்களால் அவ்வளவு சுலபமாக 'அவனுங்க' என்று சொல்லி விலக முடிவதில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஹெர்ட் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு பேஸ்கட்பால் ரசிகர்களைப் பற்றியது. அந்த ஊரில் பேஸ்கட்பால் என்றால் நமக்கு கிரிக்கெட் மாதிரி. தங்கள் காலேஜ் டீம் ஆடும் மேட்ச்சை ரசிகர்களை உட்கார வைத்துக் காட்டினார்கள். முடிந்ததும், "நீங்கள் இந்தச் சின்னப் போட்டியில் எவ்வளவு பாயின்ட் எடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். டீம் தோற்றதைப் பார்த்தவர்கள் தங்கள் திறமையைக் குறைத்துச் சொன்னார்கள். பந்து எறிவதில் மட்டுமல்ல, எழுத்துகளை மாற்றிப் போட்டு வார்த்தை கண்டுபிடிப்பதிலும். ஒரு அழகான பெண்ணை வெளியே அழைத்தால் வருவாளா என்ற கேள்விக்கும்கூட! டீம் தோற்றதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 2019 மே 13 அன்று நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டபோது எனக்கு அந்தச் சம்பந்தம் நன்றாகவே புரிந்தது.

உடம்பிலும் இது தெரிகிறது. 1998இல் வெளியான இன்னொரு ஆய்வில் பேஸ்கட்பால் ரசிகர்கள், 1994 உலகக்கோப்பை ஃபைனலைப் பார்த்த பிரேசில், இத்தாலி கால்பந்து ரசிகர்கள் ஆகியோரின் எச்சிலைப் பரிசோதித்தார்கள். ஜெயித்த டீமின் ஆண் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது. தோற்ற பக்கம் இறங்கியிருந்தது. ஒரு பந்தைக்கூட தொடாமல், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இது. ஆகவே "சும்மா ஒரு கேம்தானே, இதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வச்சுக்கலாமா?" என்று யாராவது கேட்டால், உங்கள் எச்சிலைக் காரணம் காட்டலாம்.

யார் மேல் கோபப்படுவது?

தோல்விக்கு ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு முதலில் மாட்டியவர் மூன்றாவது நடுவர் நைஜல் லாங். தோனி ஓவர்த்ரோவில் ஓடும்போது இஷான் கிஷன் நேராக ஸ்டம்ப்பில் அடித்தார். பேட் கோட்டில் இருந்ததா, உள்ளே இருந்ததா? ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, ஊரில் எல்லோரும் நடுவர் ஆனார்கள். எங்கள் தெருவில் அதன் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்து, ரன் அவுட்டான வாட்சன். அவருக்கு விழுந்த திட்டு கொஞ்சம் அல்ல.

மறுநாள் ஹர்பஜன் சிங் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். வாட்சனின் இடது முழங்காலில் மஞ்சள் பேன்ட் ரத்தத்தில் நனைந்திருந்தது. டைவ் அடித்ததில் காயம். யாரிடமும் சொல்லாமல் ஆடியிருக்கிறார். மேட்ச் முடிந்து 6 தையல். ஒரே ராத்திரியில் வில்லன் ஹீரோ ஆனார். திட்டி ஸ்டேட்டஸ் வைத்த அதே நண்பர்கள் அதே போனில் அந்தப் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நானும்தான்.

2019இல் அந்தப் படம் வந்ததால் தப்பித்தோம். 2020இல் தொடர்ந்து தோற்றபோது, ஒரு வீரரின் சின்னக் குழந்தையைப் பற்றி எழுத்தில் போட முடியாத மிரட்டல் இணையத்தில் வந்து, போலீஸ் ஒரு 16 வயதுப் பையனைப் பிடித்தது. ரசிகனின் சோகம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

சித்தி ஏன் ஸ்கோர் பார்க்கிறார்?

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் வாட்சன் அல்ல, என் சித்தி.

சித்தி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருக்கிறார். எங்கள் பக்கம் நிறைய பெண்களுக்கு இதுதான் வேலை. காலையில் ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்கு முன்னால் சமையல் முடிந்திருக்க வேண்டும். தோல்ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பதில்லை. திங்கட்கிழமை லைன் ஓடும், டார்கெட் அதேதான்.

அந்த ஞாயிறு ராத்திரி நான் மாடியில் இருந்தேன். கீழே சித்தப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிய சத்தம் கேட்டது. சித்தி, "இன்னா, தோத்துட்டாங்களா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டிருந்தார். அதன் பிறகு வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. மேட்ச் தோற்ற வீட்டில் இப்படித்தானே இருக்கும் என்று நானும் நினைத்தேன். இன்னும் சொன்னால், சித்தி அந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டாமே என்றுகூட நினைத்தேன்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியமாக இருந்தது. "இன்னா சித்தி, நீங்களும் சி.எஸ்.கே ஃபேன் ஆயிட்டீங்களா?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா. ஜெயிச்சா இந்த வீடு தூங்கும். அதுக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

பொருளாதார நிபுணர்கள் டேவிட் கார்டு, கோர்டன் டால் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்களில் சொல்கிறது (கார்டு பிறகு 2021இல் பொருளாதார நோபல் பெற்றார்). 1995 முதல் 2006 வரை அமெரிக்கக் காவல்துறைப் பதிவுகளை எடுத்து, ஆறு அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளின் மேட்ச் நாட்களோடு ஒப்பிட்டார்கள். ஜெயித்துவிடும் என்று எதிர்பார்த்த உள்ளூர் டீம் எதிர்பாராமல் தோற்ற நாட்களில், வீட்டில் ஆண்கள் மனைவியையோ காதலியையோ அடித்த புகார்கள் சுமார் 10% கூடியிருந்தன. அதுவும் மேட்ச் முடியும் நேரத்தை ஒட்டி, ஒரு குறுகிய நேரத்துக்குள். முக்கியமான மேட்ச் என்றால் இன்னும் அதிகம்.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒன்று, இரண்டு டீமும் சமபலம், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற மேட்ச்சில் தோற்றபோது வன்முறை கூடவில்லை. தோல்வி அல்ல, எதிர்பார்த்தது நடக்காததுதான் காரணம். இரண்டு, எதிர்பாராமல் ஜெயித்த நாட்களில் வன்முறை குறையவும் இல்லை. சந்தோஷத்தின் பங்கு சமையலறை வரை வரவில்லை. கோபம் மட்டும் வந்தது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே ஆலங்காயத்துக்குத் தூக்கிவர முடியாது. ஆனால் "மேட்ச் தோத்த கடுப்புல ஏதோ சொல்லிட்டேன்" என்ற வரியை நம் வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. தோற்ற டெஸ்டோஸ்டிரோனும், மயிரிழையில் தவறிய மூளையும் அந்த வரிக்குச் சாக்கு ஆகாது. அதே ராத்திரி அதே சி.எஸ்.கேவுக்காக அழுத நிறைய பேர் தட்டைத் தள்ளவில்லை. படுத்துத் தூங்கினார்கள், அல்லது மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தார்கள். வீட்டில் அடியோ மிரட்டலோ என்றால், 24 மணி நேரமும் இயங்கும் பெண்கள் உதவி எண் 181. மேட்ச் நாளோ இல்லையோ, அழைக்கலாம்.

அப்புறம் அந்த 2023

சித்தியிடம் அந்த ஃபைனல் பற்றியும் கேட்டேன். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், அகமதாபாத்தில் 2023 மே 30 விடியற்காலை வரை நீண்ட மேட்ச். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை. 2019இல் எதிர்முனையில் சும்மா நின்ற அதே ஜடேஜா, ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். சி.எஸ்.கேவுக்கு ஐந்தாவது கோப்பை. சென்னையில் என் ரூமில் நாங்கள் கட்டிலை உடைத்தோம். ஓனர் இன்னும் அட்வான்ஸில் கழிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சித்தி அந்த மேட்ச்சைப் பார்க்கவில்லை. ஆனால் தூங்கவும் இல்லையாம். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, ஹாலில் ஓடும் டிவி சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்திருக்கிறார். மணி ஒன்றரைக்கு மேல் தெருவில் பட்டாசு வெடித்தது. "அப்பாடா"ன்னு புரண்டு படுத்தாராம். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, ஆறு மணிக்கு பஸ்.