என் பக்கம் சூடு, அம்மா பக்கம் குளிர்

இந்தக் கிழமை எபிசோட்டில் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பற்றிக் கதைத்தோம். நேரம் இல்லாமல் விட்ட கதை இது.

போன ஜனவரி, ஸ்கார்பரோவில் மைனஸ் 18. அம்மாவை கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறன். என் முகத்தில் நல்ல சூடான காற்று. பக்கத்து சீட்டில் அம்மா கையுறையோடு நடுங்குறா. "தம்பி, எனக்கு ஐஸ் காத்துத்தான் வருது."

கராஜில் கேட்டால், "ஹீட்டர் கோர் போயிட்டுது, டாஷ்போர்டு கழட்டவேணும், 1,400 டொலர்" என்றார்கள். "காசைக் கொட்டாதே, நான் போர்வையோட வாறன்" என்று அம்மா சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

முதலில் இது எப்படி வேலை செய்யுது என்று பார்ப்போம். எஞ்சினைச் சுற்றிச் சூடான கூலண்ட், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போகும். ஃபேன் காற்றை ஊதும். அதில் எவ்வளவு கோருக்கூடாகப் போகவேணும் என்று தீர்மானிப்பது ப்ளெண்ட் டோர் என்ற சின்னக் கதவு. அதைத் திருப்ப ஒரு மோட்டர். ஆளுக்கொரு டெம்பரேச்சர் வைக்கிற காரில் பக்கத்துக்கு ஒரு கதவு, ஆனால் கோர் ஒன்றுதான்.

நான் பார்த்த ஒழுங்கு இது:

1. டெம்பரேச்சர் முள். நல்லா ஓடின பிறகும் ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட்டில் சந்தேகம். என்னுடையது ஏறியது.

2. கூலண்ட் அளவு. குறைந்தாலும் ஒரு பக்கம் மட்டும் குளிரலாம். எஞ்சின் ஆறின பிறகுதான் பார்க்கவேணும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. என்னுடையது சரி.

3. கோருக்குப் போற, வாற ரெண்டு குழாய்கள். ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கலாம். எனக்கு ரெண்டுமே சூடு.

4. காது. ரேடியோவை நிப்பாட்டி, அம்மா பக்க டெம்பரேச்சரைக் கீழிருந்து மேலே கொண்டுபோனேன். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் டிக், டிக், டிக். மோட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, கதவு குளிரிலேயே நின்றுவிட்டது.

என் மலிவு ஓபிடி ரீடர் "கோட் இல்லை" என்றது. அது பொய்யில்லை. இப்படியான ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். கிளைமேட் கண்ட்ரோலின் கோடுகள் அதனுடைய மொட்யூலில் கிடக்கும். ஆப் பச்சை காட்டினால் எல்லாம் சரி என்று நினைக்காதீங்கோ.

புது மோட்டர் 45 டொலர், மூன்று ஸ்க்ரூ, ஒரு மணித்தியாலம்.

எல்லாரும் ஸ்க்ரூட்ரைவர் எடுக்கத் தேவையில்லை. ஆனால் யாராவது "ஹீட்டர் கோர்" என்றால் ஒரு கேள்வி கேளுங்கோ: "ரெண்டு குழாயும் சூடா இருக்கா என்று பார்த்தீங்களா?"

அடுத்த கிளினிக் பயணத்தில் அம்மா பாதி வழியில் கையுறையைக் கழட்டினா. பிறகு, "கொஞ்சம் குறை தம்பி, வேர்க்குது" என்றா.