உங்களுக்குத் தெரியுமா? இறால் பிடிக்கும் கையில் எக்ஸிமா
பழவேற்காடு ஏரியில் இருளர் பெண்கள் பறி எனும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி வெறுங்கையால் இறால் பிடிப்பார்கள். சிறுவயதில் தோல் நோயே இல்லாதவருக்கும் இப்படிப்பட்ட ஈர வேலையால் நாற்பது வயதில் எக்ஸிமா வரலாம். தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் கை நனைந்தே இருந்தால் தோலின் எண்ணெய்க் காப்பு கெடும். பிறகு இறாலின் புரதமே அரிப்பைக் கிளப்பும். உணவைக் கையாள்வோரிடம் இதை 1976-இல் டென்மார்க் மருத்துவர்கள் விவரித்தார்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, உடனே வாசலின் தடவலாம். ரப்பர் கையுறைக்குள் பருத்தி உறை போடச் சொல்வார்கள். சேற்றில் தடவுபவருக்கு அது சரிப்படாது, கரையில் இறால் உரிப்பவருக்கு உதவும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு மட்டும் வேண்டாம்: வந்திருப்பது எக்ஸிமா அல்ல, படர்தாமரை என்றால் இன்னும் பரவும்.