பள்ளிச் சிறுவரின் மிகைப் பருமனும் மலைக் காய்கறிகளும்

பழனி மலைகளின் மேற்பாகத்திலுள்ள பூம்பாறையில், படிக்கட்டுகள்போல் அமைந்த நிலங்களிலிருந்து பூண்டும், காரட்டும், பீன்ஸும், உருளைக்கிழங்கும் சமவெளிச் சந்தைகளுக்கு மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. அதே பாதையில் பொட்டலமிட்ட சிப்ஸும், சர்க்கரை மிகுந்த பானங்களும் மலையேறி வருகின்றன. இக்கொடுக்கல் வாங்கலால் நம் குழந்தைகளுக்கு விளைவது யாதென்று குடியானவர்கள் ஆலோசித்தல் வேண்டும்.

மிகைப் பருமன் பட்டணத்துச் செல்வர் வீட்டு வியாதியென்று எண்ணுதல் சரியன்று. தேசீயக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எடை மிகுந்தோர் 2015-16-ல் நூற்றுக்கு 2.1 ஆக இருந்து, 2019-21-ல் 3.4 ஆக உயர்ந்தனர். இளமையில் ஏறிய பருமன் பலருக்குப் பிற்காலத்தும் நீடித்து, நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் இடந்தருகிறது.

இதன்பொருட்டு ஏற்பட்ட சர்க்கார் ஏற்பாடுகள் சில உள. கொழுப்பும், உப்பும், சேர்த்த சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் சிறுவருக்கு விற்கலாகாதென 2020-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் விலக்குகின்றன. தமிழ்நாட்டில் 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பசியை நீக்குவதோடு, கடைத் தின்பண்டத்தின் மீதுள்ள நாட்டத்தையும் குறைக்க வல்லன.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் காரட்டில் சுமார் 40 கலோரி. அதே எடையுள்ள சிப்ஸில் 500-க்கு மேல். முன்னது வயிற்றை நிரப்பும். பின்னது கொழுப்பையே சேர்க்கும்.

மத்திய சர்க்காரின் மதிய உணவு விதிப்படி ஆரம்ப வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்குக் காய்கறி 50 கிராம். 40 குழந்தைகளுக்கு 2 கிலோ போதும். இதில் ஒரு பாகத்தைப் பள்ளித் தோட்டமே தரக்கூடும். முள்ளங்கி சுமார் 45 நாளிலும், பீன்ஸ் 60 நாளிலும், காரட் 100 நாளிலும் பலன் தரும். காரட் விதையை நாற்றுவிடாமல், ஆழக் கொத்திக் கல் பொறுக்கிய பாத்தியில் நேரே விதைத்து, முளைத்தபின் நெருக்கத்தைக் கலைத்துவிடுக. பதினைந்து நாளுக்கொரு பாத்தியாக விதைத்துவரின் அறுவடை இடையறாது கிடைக்கும். குழந்தைகள் நடமாடும் இத்தோட்டத்தில் பூச்சி மருந்து தெளித்தல் கூடாது.

சந்தையில் விலை போகாத கோணல் காரட்டும் சிறு கிழங்கும் சத்தில் குறைந்தவையல்ல. அவற்றைக் கழிவென்று கொட்டாது பள்ளிச் சமையற்கூடத்துக்கு அளிப்பீர்களாக. விதிகளைச் சர்க்கார் வகுக்கலாம். குழந்தையின் இலையில் காய்கறி விழச் செய்பவர் குடியானவரே.