நிற்பது நடப்பதாகாது

நிதியாண்டு முடிய இன்னும் சில நாள்களே. பட்ஜெட்டில் மிச்சமிருக்கும் பணத்தில் உயரம் மாற்றும் மேசைகளை வாங்கிவிட அலுவலகங்கள் பரபரக்கின்றன. மார்ச் 31-க்குள் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று ஊழியர்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இதையொட்டி நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்?’

பலர் குறிப்பிடும் ‘இரண்டு முதல் நான்கு மணி நேரம்’ என்ற கணக்கு, 2015-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான ஒரு நிபுணர் அறிக்கையிலிருந்து வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவருக்கு இத்தகைய மேசைகளின் விற்பனையோடு தொடர்பு இருந்தது. அதைச் சொல்லி அந்த இதழே பின்னர் திருத்தம் வெளியிட்டது. எனவே அந்த எண்ணை மருந்துச் சீட்டுபோல நினைக்க வேண்டாம். விளம்பரங்கள் சொல்லும் ‘சுறுசுறுப்பான பணியிடம்’ என்ற பெயரையும் நான் ஏற்கவில்லை. ஏறி இறங்குவது மேசை மட்டுமே. அதன்முன் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் உடலை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த அசையாமையைப் பற்றித்தான்.

காலுக்கு ரத்தத்தை அனுப்புவது இதயத்தின் வேலை. ஆனால் கணுக்காலிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் அதை ஏற்றித் திரும்ப அனுப்ப, முழங்காலுக்குப் பின்னே கீழே இருக்கும் ஆடுசதையின் துணை வேண்டும். அந்தச் சதை இறுகும்போது நடுவிலுள்ள சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் மேலே போகிறது. தளரும்போது சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் மூடிக்கொண்டு, ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கின்றன. நம் கிணற்றடியில் இருந்த அடிபம்பின் வேலையேதான் இது. கைப்பிடியை அடித்தால்தான் தண்ணீர் ஏறும்.

அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அவரே நடக்கத் தொடங்கினால், சில அடிகளிலேயே 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இரண்டு நிலையிலும் அவர் காலூன்றித்தான் இருக்கிறார். வித்தியாசம் பம்ப் ஓடுகிறதா என்பதில்தான். ஆடுசதை என்ற பெயரிலேயே ‘ஆடு’ இருக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மாலையில் சாக்ஸைக் கழற்றிவிட்டு, கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் குழி மறையாமல் நின்றால், அங்கே நீர் கோத்திருக்கிறது என்று பொருள். நாள்தோறும் அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பிரிட்டனில் 83,000-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கட்டில் அணிந்த கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வும் நிற்பது மட்டும் போதாது என்றே காட்டுகிறது. கூடுதலாக நிற்பதால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து குறையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற ஒவ்வொரு அரை மணிக்கும், வெரிகோஸ் போன்ற ரத்த ஓட்டக் கோளாறுகளின் ஆபத்து 11 சதவீதம் உயர்ந்திருந்தது.

தி.நகர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாள் முழுக்க நின்று, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் அவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. நிற்பதே ஆரோக்கியம் என்றால் இப்படியொரு சட்டமே தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் மேசை வீணா? இல்லை. காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, முதல் சில மாதங்களில் அலுவலகத்தில் உட்காரும் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 100 நிமிடம் குறைகிறது. கழுத்தும் இடுப்பும் ஒரே கோணத்தில் இறுகிக் கிடக்காமல் நிலை மாறுவதுதான் இதன் பயன். அரை மணிக்கொரு முறை மாறுங்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். தண்ணீர் பாட்டிலை எழுந்து நடந்து போய் எடுக்கும் தூரத்தில் வையுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எடை குறையுமா? 65 கிலோ எடையுள்ளவர் ஆறு மணி நேரம் நின்றாலும் கூடுதலாகச் செலவாவது சுமார் 54 கலோரி, ஏறத்தாழ ஒரு இட்லி.

மேசை எவ்வளவு உயரம்? முழங்கை செங்கோணமாக மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்கும் உயரம்.

திரை? மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில்.

லேப்டாப் மட்டும் இருந்தால்? தனிக் கீபோர்டு கேளுங்கள்.

வெரிகோஸ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள்? மருத்துவரைக் கேட்காமல் நெடுநேரம் நிற்க வேண்டாம்.

கரன்ட் போய் வந்தபின் மேசை ஏறவில்லையே? பல மாடல்களில் இறக்கும் பொத்தானை, மேசை அடிமட்டம் தொடும்வரை விடாமல் அழுத்தினால் சரியாகும்.

‘வேண்டும்’ என்று எழுதலாமா? எழுதுங்கள். கூடவே, நாற்காலியை எடுக்கக் கூடாது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.