மூடிய வானும் மணமில்லா வாயுவும்

கடந்த விடுமுறையில், படுக்கையும் அடுப்பும் பொருத்திய வானொன்றில் நுவரெலியாவுக்கு அப்பால் அம்பேவெலப் பக்கம் இரவு தங்கினோம். நுவரெலியாவே 1,868 மீற்றர் உயரம். குளிரைச் சொல்ல வேண்டுமா? கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தேநீர் வைத்த கேஸ் அடுப்பை எரியவிடுவோம் என்றார் உம்மா. நானும் சரியென்றேன். தங்கை நித்திரையாகிவிட்டாள். சற்று நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. வெளியே நின்ற வாப்பா வந்து, கதவைத் திறந்து அடுப்பை அணைத்தார்.

மூடிய சிறு இடத்தில் அடுப்பு எரிய எரிய ஒட்சிசன் குறையும். அப்போது எரிதல் பூரணமாகாமல் காபனோரொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பிறகு குருதி ஓடினாலும் ஒட்சிசன் போதியளவு போய்ச் சேராது. விழித்திருப்பவரைத் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் எச்சரிக்கும். தூங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. அறைக்குள் வைக்கும் கரிச்சட்டியும் இப்படித்தான்; மலைநாட்டில் குளிர்காய அதைத்தான் பலர் நம்புகிறார்கள்.

மீதி இரவைக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டு கழித்தோம். காலையில் எழுந்த தங்கை, குளிரை உள்ளே விட்டது யார் என்று சண்டை பிடித்தாள்.