எம்.ஆர். சீனிவாசன்: ஒரே மனிதர், மூன்று நாற்காலிகள்

2012 பிப்ரவரி, மார்ச் மாதங்களை எங்க ஊர்க்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். சென்னையில் ரெண்டு மணி நேரம் கரண்ட் போனதே செய்தியாக இருந்தது. உசிலம்பட்டியில் பாதி நாள் கரண்ட் இருக்காது. மும்முனை மின்சாரம் ராத்திரி எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாமல், கிணத்து மோட்டார் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தவர்கள் உண்டு. லீவில் ஊருக்குப் போனால் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "கூடங்குளத்தை எப்பய்யா திறப்பாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்த பிப்ரவரியில் தமிழக அரசு நாலு பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. அதில் ஒருவர் எம்.ஆர். சீனிவாசன். 2025 மே 20-ஆம் தேதி, 95 வயதில் ஊட்டியில் காலமானார். இரங்கல் செய்திகளில் 'அணுமின் துறையின் சிற்பி' என்றுதான் எழுதினார்கள். அது சரிதான். ஆனால் அவர் பதவி வரலாற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது.

1930-ல் பெங்களூரில் பிறந்தவர். அங்கே மெக்கானிக்கல் படித்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1954-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே அணுசக்தித் துறையில் சேர்ந்துவிட்டார். ஹோமி பாபாவின் குழுவில் அப்சரா உலை வேலை. 1959-ல், 29 வயசில், நாட்டின் முதல் அணுமின் நிலையத் திட்டத்துக்கு முதன்மைத் திட்டப் பொறியாளர். அதுதான் பிறகு தாராப்பூர் ஆனது. 1967-ல் கல்பாக்கத்தின் தலைமைத் திட்டப் பொறியாளர்.

கல்பாக்கம் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. இயற்கை யுரேனியத்தில் பிளவுபடுகிற யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். அமெரிக்கர்கள் கட்டிய தாராப்பூர் மாதிரி சாதாரணத் தண்ணீரில் ஓடும் உலைக்கு யுரேனியத்தைச் செறிவூட்ட வேண்டும். அந்த வசதி அப்போது நம்மிடம் இல்லை. கனநீரைப் பயன்படுத்தினால் அது நியூட்ரான்களை விழுங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும். இயற்கை யுரேனியமே போதும். கனடாக்காரர்களின் வழி இதுதான். ராஜஸ்தானில் அவர்கள் உதவியோடு இப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தோம்.

1974 மே 18 பொக்ரான் வெடிப்போடு கனடா கையை உதறியது. கல்பாக்கத்தை நாமே முடிக்க வேண்டிய நிலை. அணு உலைப் பாகங்களைச் செய்து பழக்கமில்லாத உள்நாட்டுத் தொழிற்சாலைகளைப் பழக்க வேண்டியிருந்தது, கனநீருக்கும் தட்டுப்பாடு. முதல் உலை தொடர்வினையைத் தொட்டது 1983 ஜூலை 2-ல். 16 வருஷம்! தாமதம் என்று திட்டலாம்தான். அந்தச் சூழ்நிலையில் முடித்ததே பெரிசு என்பது என் கட்சி.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். 1984-ல் அவர் அணுமின் வாரியத் தலைவர். 1987-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவர்; அந்தப் பதவியோடு சேர்ந்தே வருவது அணுசக்தித் துறைச் செயலர் பதவி. அதே வருஷம் செப்டம்பரில் வாரியம், இந்திய அணுமின் கழகம் என்ற அரசு நிறுவனமாக மாறியது. பட்ஜெட் பணத்தை மட்டும் நம்பாமல் வெளியில் கடன் திரட்ட அந்த ஏற்பாடு. அதன் முதல் தலைவரும் அவரே.

பாதுகாப்பைப் பார்ப்பது யார்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983 நவம்பர் 15-ல் அரசு ஆணை மூலம் வந்தது, தனிச் சட்டம் மூலம் இல்லை. அப்போது அது அறிக்கை கொடுக்க வேண்டியிருந்த இடம் அணுசக்தி ஆணையம். அதாவது உலைக்குச் சொந்தக்காரரான துறை, அதை ஓட்டும் நிறுவனம், அதைச் சோதிக்கும் வாரியத்துக்கு மேலே உள்ள ஆணையம் மூன்றுக்கும் தலையில் ஒரே மனிதர். அவர் ஆசைப்பட்டுப் பிடித்த நாற்காலிகள் இல்லை. அமைப்பே அப்படித்தான் போடப்பட்டிருந்தது.

என் தொழிலில் இது தினசரிப் பாடம். ஒருமுறை நான் எழுதிய கோடை நானே டெஸ்ட் பண்ணி நானே லைவ் பண்ணிவிட்டேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ். காலையில் வாடிக்கையாளரின் பில் எல்லாம் ரெண்டு ரெண்டாகப் போயிருந்தது. எழுதினவன் கண்ணுக்கு, தான் யோசிக்காதது தெரியாது. அதில் நேர்மைக் குறைவு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் அணுசக்தியை வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே ஆணையத்திடம் இருந்தது. இது சரிப்படாது என்று 1974-ல் சட்டம் போட்டு ரெண்டாகப் பிரித்தார்கள்.

கூடங்குளத்துக்கு வருவோம். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பர் 20. செர்னோபில் வெடித்து ரெண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது ஆணையத் தலைவர் சீனிவாசன். சோவியத் உடைந்து திட்டம் கிடப்பில் போய், 1998-ல் மறுபடி உயிர் பெற்றது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா. அந்த வருஷமே இடிந்தகரையில் உண்ணாவிரதம். மக்கள் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று செப்டம்பரில் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. மத்திய அரசு ஒரு குழு போட்டது. அது பாதுகாப்பானது என்றது. அதற்குப் பிறகுதான் மாநில அரசின் நாலு பேர் குழு.

அதில் சீனிவாசன் பெயரைப் பார்த்ததும் போராட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். ஒப்பந்தக் காலத்தில் துறைக்கே தலைவராக இருந்தவர் எப்படி நடுநிலையாகச் சொல்வார் என்பது அவர்கள் கேள்வி. இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலையின் உள்ளும் புறமும் தெரிந்த ஆள் இந்த நாட்டில் எத்தனை பேர்? எல்லாரும் ஒரே துறையில் வளர்ந்தவர்கள்தான். துறைக்கு வெளியே நிபுணர்களை வளர்க்காமல் விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் வெளி ஆளைத் தேடினால் எங்கே கிடைப்பார்?

பிப்ரவரி முடிவதற்குள் குழு அறிக்கை கொடுத்தது. மார்ச் 19-ல் அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியது. அதே ஆண்டு தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டபூர்வமான தனி அதிகாரம் இல்லை என்று சுட்டிக்காட்டியது. அதைச் சரிசெய்ய 2011-லேயே நாடாளுமன்றத்தில் வைத்த மசோதா, 2014-ல் மக்களவை கலைந்தபோது காலாவதி ஆனது.

மார்ச் 19 செய்தி வந்தபோது எங்க டீக்கடையில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கு அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்கு ராத்திரி ஃபேன் ஓட வேண்டியிருந்தது. இடிந்தகரை, உசிலம்பட்டியிலிருந்து ரொம்ப தூரம்.